பகடை தரும் பதவி

பிறக்கும்போதே ஒருவருடைய அந்தஸ்தைப் பகடை உருட்டி முடிவு செய்யும் விளையாட்டு தெரியுமா?

1977-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டிராவலர்' என்ற விண்வெளி விளையாட்டுதான் அது. இரண்டு பகடைகள் உருளும். விழும் கூட்டுத்தொகைதான் ஆடுபவர் ஏற்கும் கதாபாத்திரத்தின் சமூக மதிப்பு. பெரிய எண் விழுந்தவருக்கு விண்வெளிக் கடற்படையில் அதிகாரி ஆவது சற்றே சுலபம். ஆனால், புதிய உலகங்களைத் தேடிப் போகும் சாரணர் படையில் பதவிப் படிகளே கிடையாது!

நம்ம ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா இன்னும் ஒரு படி மேலே போனார். 'என் இனிய இயந்திரா' நாவலில், பட்டமும் பதவியும் இல்லாத ஜீனோ என்ற இயந்திர நாயைச் சுயமாகச் சிந்திக்க வைத்தார். நாட்டையே ஆட்டிப்படைக்கும் ஜீவாவை எதிர்த்து நிற்கும் நிலாவுக்கு அந்தக் குட்டி நாய்தான் பெரும் பலம்.

இதுவரை படிக்காதவர்கள் அவசியம் தேடிப் படியுங்கள்.