பழைய சீட்டு, புதுச் சொட்டு

எங்கள் வீட்டு பிரிட்ஜின் கதவுத் தட்டில் எலுமிச்சம்பழத்துக்கும் இஞ்சித் துண்டுக்கும் நடுவே ஒரு கண் சொட்டு மருந்துச் சீசா வெகு காலம் குடியிருந்தது. யாருக்காக வாங்கியது, எப்போது திறந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். ஆனால் வீட்டில் யாருக்காவது கண் சிவந்துவிட்டால் போதும், அந்தச் சீசாவுக்கு யோகம் அடித்துவிடும். "ரெண்டு சொட்டு விட்டுக்கோ, சரியாப் போயிடும்" என்பாள் என் மனைவி. பெரும்பாலும் சரியாகத்தான் போயிற்று. அதுதான் அதில் உள்ள கஷ்டமே.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். இருந்தால், இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் அதைத் தொடாமல் இருங்கள்.

என் தங்கை மாயவரத்தில் இருக்கிறாள். அவளுடைய பையனுக்கு ஏழு வயதில் கண் அரிப்பு ஆரம்பித்தது. பங்குனி பிறக்க வேண்டியதுதான், இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கோ கசக்கென்று கசக்குவான். நூல் நூலாகப் பூளை வரும். வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும். உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, "பயப்படாதீர்கள். இது ஒவ்வாமை. சின்னப் பையன்களுக்கு வெயில் காலத்தில் வருவதுதான். பெரியவனானதும் தானே போய்விடும்" என்று சொல்லி, இரண்டு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்றைப் பத்தே நாள் விட வேண்டும். மற்றதைக் கோடை முடியும் வரையில் விட வேண்டும்.

பத்து நாள் மருந்து மந்திரம் போல வேலை செய்தது. இரண்டாம் நாளே கண் வெளுத்துவிட்டது. மற்ற மருந்தோ மெள்ள மெள்ளத்தான் குணம் காட்டியது. இரண்டில் எதை என் தங்கை கைவிட்டாள், எதைப் பிடித்துக் கொண்டாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டைப் பத்திரமாக ஒரு பிஸ்கோத்து டப்பாவில் வைத்திருந்தாள். நாளடைவில் அதுவும் தேவைப்படவில்லை. காலிச் சீசாவைப் பையன் கையில் கொடுத்து அனுப்பினால், மருந்துக் கடையில் அதே மாதிரி இன்னொன்று கொடுத்து விடுவார்கள். விலையும் அதிகமில்லை. டாக்டருக்கு 'பீஸ்' மிச்சம், காத்திருக்கும் நேரம் மிச்சம். இப்படி மூன்று கோடை கழிந்தது.

மூன்றாவது கோடை லீவுக்குச் சென்னைக்கு வந்திருந்தார்கள். பையன் மாடிப்படி இறங்கும்போது இரண்டு தரம் தடுக்கி விழுந்தான். வாசலில் பந்து விளையாடும்போது இடது பக்கமாக வருகிற பந்தை அவன் பார்க்கவே இல்லை. "என்னடா, தூங்கறியா?" என்று நானே அவனைக் கேலி செய்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். அது சாதாரணமாக 10க்கும் 21க்கும் நடுவில் இருக்க வேண்டுமாம். பையனுக்கு வலது கண்ணில் 26, இடது கண்ணில் 38.

"கண்ணுக்கு என்ன மருந்து விட்டீர்கள்?" என்று கேட்டார் டாக்டர் அம்மாள்.

என் தங்கை கைப்பையிலிருந்து சீசாவை எடுத்துக் கொஞ்சம் பெருமையோடேயே நீட்டினாள். "இதுதான் டாக்டரம்மா. இவனுக்கு இது ஒண்ணுதான் ஒத்துக்கும்."

டாக்டர் அம்மாள் அந்தச் சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எங்களை உட்காரச் சொல்லி நிதானமாக விளக்கினார். கோபித்துக் கொண்டிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

கண்ணுக்குள்ளே முன்பக்கத்தில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறிக் கொண்டிருக்கிறது. ஊறுகிற நீர் ஒரு மூலையில் உள்ள சல்லடை போன்ற வடிகால் வழியாக வெளியேறிக் கொண்டும் இருக்கிறது. ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கிற வரையில் கவலை இல்லை. குழாய் திறந்தபடி இருக்க, தொட்டியின் வடிகால் அடைத்துக் கொண்டால் என்ன ஆகும்? தொட்டியாவது வழிந்துவிடும். கண்ணுக்கு வழிய வழி கிடையாது. அழுத்தம் ஏறி, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்குகிறது. ஸ்டீராய்டு சேர்ந்த சொட்டு மருந்தை வாரக் கணக்கில், மாதக் கணக்கில் விட்டால் சிலருக்கு அந்த வடிகால் இப்படி அடைபட்டுப் போகிறது. கண்ணின் லென்ஸில் புரை விழுவதும் உண்டு. புரையை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். நரம்பு போனால் போனதுதான்.

வலி இருக்காதா என்றால், பெரும்பாலும் இராது. சிவப்பும் இராது. நேராகப் பார்ப்பது நன்றாகவே தெரியும். ஓரங்களில்தான் பார்வை முதலில் தேய்ந்து போகிறது. ஆகையால் வெள்ளை வெளேரென்று இருக்கும் கண்ணைப் பார்த்து, 'ஆஹா, மருந்து கேட்கிறது' என்று வீட்டார் சந்தோஷப்பட்டுக் கொண்டிருப்பார்கள்.

இந்த மருந்தை விடுகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றுக்கு நாலைந்து பேருக்கு மிக அதிகமாக ஏறும். குடும்பத்தில் குளுக்கோமா உள்ளவர்களும், சர்க்கரை வியாதிக்காரர்களும், கடுமையான கிட்டப் பார்வை உள்ளவர்களும் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பெரியவர்களைக் காட்டிலும் சீக்கிரமாகவே ஏறிவிடலாம். யாருக்கு ஏறும், யாருக்கு ஏறாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அழுத்தத்தை அளந்து பார்த்தால்தான் தெரியும்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1948-ல் அமெரிக்காவில் ஹென்ச் என்ற டாக்டர், கீல்வாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு இந்த இனத்தைச் சேர்ந்த கார்டிஸோனை ஊசி மூலம் கொடுத்தார். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். உலகமே அதிசயித்தது. 1950-ல் ஹென்சுக்கும், கெண்டால், ரைக்ஸ்டீன் என்ற மற்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஏற்படும் வீக்கத்தை அடக்கவும், கண்ணுக்குள் வரும் அழற்சியைத் தணிக்கவும் இதைவிட்டால் டாக்டர்களுக்குக் கை ஒடிந்த மாதிரிதான். ஆனால், மருந்தோடு கூடவே அதன் ஆபத்தும் வந்தது. கண்ணில் அழுத்தம் ஏறுவதை 1950களிலேயே கண் வைத்தியர்கள் கண்டுகொண்டு விட்டார்கள்.

சொட்டு மருந்துகளில் பலவற்றில் இரண்டு சரக்கு ஒரே சீசாவில் இருக்கும். ஒன்று ஆன்டிபயாடிக். அது பாக்டீரியா என்ற கிருமியைக் கொல்லும், அல்லது வளர விடாமல் தடுக்கும். மற்றது ஸ்டீராய்டு. அது எந்தக் கிருமியையும் கொல்லாது. கண் சிவப்பதும், வீங்குவதும், வலிப்பதும் உடம்பு போடுகிற கூச்சல். அந்தக் கூச்சலை ஸ்டீராய்டு அடக்குகிறது. கொல்லையில் திருடன் நுழைந்ததைக் கண்டு நாய் குரைக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நாயின் வாயைக் கட்டிவிட்டால் வீடு நிசப்தமாகத்தான் இருக்கும். திருடனுக்கும் அது சௌகரியம்தானே!

அன்று ஆஸ்பத்திரிக் கூடத்தில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் கதை இதற்கு நல்ல அத்தாட்சி. நெல் தூற்றும்போது உமி கண்ணில் பட்டிருக்கிறது. கண் சிவந்து நீர் கொட்டவே, கடையில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார். "ரெண்டு நாள் சொகமா இருந்துச்சு தம்பி" என்றார். அப்புறம் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தோன்றி, நாளுக்கு நாள் பெரிதாயிற்று. அது பூஞ்சைக் காளான். நெல், கரும்புத் தோகை, குச்சி, இலை இவை கண்ணில் பட்டால் நம் பக்கத்தில் இந்தக் காளான் புண் வருவது உண்டு. அதற்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டோ, எதிர்த்து நிற்கும் உடம்பின் கையைக் கட்டிப் போட்டுவிடும். காளானுக்கென்று நாட்டமைசின் என்ற தனி மருந்து இருக்கிறது. அதை மணிக்கு ஒரு தரம் விட்டு, வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். சுகமான அந்த இரண்டு நாளில் அவர் நேரே டாக்டரிடம் வந்திருந்தால் புண் சிறியதாக இருந்திருக்கும். ஹெர்ப்பீஸ் என்ற வைரஸால் மரக்கிளை வடிவத்தில் கருவிழியில் ஒரு புண் வருவது உண்டு. அதிலும் இதே விபரீதம்தான். ஸ்டீராய்டு மட்டும் விட்டால் கிளை பரந்து தேசப்படம் மாதிரி ஆகிவிடும்.

கையில் இருப்பது எந்த மருந்து என்று எப்படித் தெரிந்து கொள்வது? சீசாவின் பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் உள்ள பெயரைப் படியுங்கள். டெக்ஸாமெதஸோன், பெட்டாமெதஸோன், பிரெட்னிஸலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால், டைஃப்ளூபிரெட்னேட் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிப்ரோஃப்ளாக்ஸாசின், மாக்ஸிஃப்ளாக்ஸாசின், டோப்ராமைசின், குளோராம்ஃபினிகால் இவையெல்லாம் ஆன்டிபயாடிக். ஒரே பெயரில் இரண்டு மருந்து வரும். ஒன்றன் வாலில் மட்டும் 'டி' என்று ஓர் எழுத்து ஒட்டிக் கொண்டிருக்கும். பல சமயம் அந்த 'டி' டெக்ஸாமெதஸோனைத்தான் குறிக்கிறது. ஓர் எழுத்துத்தானே என்று கடைக்காரரும் நினைக்கலாம், நாமும் நினைக்கலாம். இந்த மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். நடப்பது என்ன என்று வாசகர்களுக்குத் தெரியும்.

'மெட்ராஸ் ஐ' வரும்போதுதான் இந்தச் சீசாக்கள் அமோகமாக விற்கின்றன. 1918-ல் சென்னையில் பெருவாரியாகப் பரவியதால் அந்தக் கண் வலிக்கு நம் ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. அது பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. சாதாரணமாக ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். கையைக் கழுவுவதும், துண்டையும் தலையணையையும் தனியாக வைத்துக் கொள்வதும்தான் முக்கியம். கறுப்புக் கண்ணாடி கூச்சத்துக்கு நல்லது, தொற்றைத் தடுக்காது. பார்த்தாலே ஒட்டிக் கொள்ளும் என்பது வெறும் பேச்சு. ஆனால் வலி அதிகமாக இருந்தாலும், பார்வை மங்கினாலும், வெளிச்சம் பொறுக்க முடியாமல் போனாலும், கருவிழியில் வெள்ளை தெரிந்தாலும், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து, டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பாதியில் நிறுத்துகிறவர்களும் உண்டு. அதுவும் தப்பு. புரை ஆபரேஷனுக்குப் பிறகு, முதலில் நாளைக்கு ஆறு தரம் என்று ஆரம்பித்து, வாரா வாரம் குறைத்துக் கொண்டே வரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் அடங்கிய அழற்சி மறுபடி கிளம்பும். ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். சிவப்புப் போய்விட்டது என்று இரண்டாம் நாளே மூட்டை கட்டக் கூடாது; சொன்ன நாள் வரையில் விட வேண்டும்.

விடுகிற முறையையும் டாக்டர் அம்மாள் செய்து காட்டினார். நாங்கள் எல்லாரும் இத்தனை நாள் தப்பாகத்தான் விட்டுக் கொண்டிருந்தோம்! முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சில மருந்துகள் அடியில் தங்கிவிடும். லேபிலில் குலுக்கச் சொல்லியிருந்தால் நன்றாகக் குலுக்க வேண்டும். அண்ணாந்து, கீழ் இமையை மெள்ள இழுத்தால் பை மாதிரி குழிவு கிடைக்கும். அதில் ஒரே ஒரு சொட்டு. கண்ணின் பை ஒரு சொட்டுக்குத்தான் கொள்ளும். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குப் போகிறது. சீசாவின் மூக்கு இமையிலோ விரலிலோ படக் கூடாது. பிறகு கண்ணைப் படபடவென்று கொட்டாமல் மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய உள் மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கிவிடும். சொட்டு விட்டதும் வாய் கசக்கிற ரகசியம் இதுதான். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் இடைவெளி. களிம்பு இருந்தால் அது கடைசியில்.

நம் ஊரில் சேப்டி பின்னை எடுத்துச் சீசாவைக் குத்துவது ஒரு வழக்கம். பல சீசாக்களில் மூடிக்குள்ளேயே முள் இருக்கிறது. மூடியை வலப்புறமாக இறுகத் திருகினால் அதுவே அளவாகத் துளை போட்டுவிடும். பின்னால் குத்தினால் துளை பெரிதாகிச் சொட்டும் பெரிதாகும். பின்னில் இருக்கிற அழுக்கும் உள்ளே போகும். திறந்த தேதியைச் சீசாவின் மேலேயே எழுதி வைத்து, ஒரு மாதம் ஆனதும் மிச்சத்தைக் குப்பையில் போட வேண்டும். ஒருவர் மருந்தை இன்னொருவர் விட்டுக் கொள்ளவே கூடாது. பிசின் குப்பியைக் கண் மருந்து என்று நினைத்து விட்டுக் கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்று டாக்டர் அம்மாள் சொன்னபோது, நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே தட்டில்தான் இருந்தன.

பையனுக்கு ஸ்டீராய்டை நிறுத்தி, அழுத்தத்தைக் குறைக்க வேறு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அரிப்புக்கு ஒவ்வாமை மருந்தும், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றிக் கொள்வதும்தான். வலது கண் தப்பிவிட்டது. இடது கண்ணில் ஓரப் பார்வை போனது போனதுதான். என் தங்கை தினசரி காலண்டரில் காலை, மாலை என்று கோடு கிழித்து வைத்துக் கொண்டு மருந்து விடுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சென்னைக்கு வந்து அழுத்தத்தை அளந்து கொண்டு போகிறார்கள்.

போன தடவை வந்தபோது பையன் என்னைத் தனியாக அழைத்து, "மாமா, எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தர்றியா?" என்று கேட்டான். அவன் வயதுப் பையன்கள் எல்லாரிடமும் இருக்கிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி நெடுக அவனுடைய இடது பக்கமாகவே நான் நடந்தேன். தெருவைக் கடக்கும்போது அவன் என் கையைப் பிடித்துக் கொண்டு, தலையை முழுக்க இடது பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தான். டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.