எழுத்துச் சிக்கல்கள் – 11: எண்ணூருக்கு ஒரே வழி

முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் மாறாத சம்பந்தரின் மாலைமாற்றோடு சென்ற வாரம் நின்றோம். கலீலியோ கலைத்தெழுதிய எழுத்துகளை இவ்வாரம் காண்பதாகச் சொல்லியிருந்தேன்.

ஆனால் கலீலியோவை எடுக்கவிடாமல் வடசென்னையின் எண்ணூர் என்னைப் பிடித்துக்கொண்டது. காசிமேட்டைத் தாண்டி வடக்கே செல்லும் பேருந்து, கண்டெய்னர் லாரிகளின் நெடுவரிசைக்குப் பின்னால் அசைவற்று நின்றுவிட்ட வேளையில், வேறு காரியம் ஏதுமின்றி அவ்வூரின் பெயரை எழுத்தெழுத்தாகக் கலைத்துப் பார்த்தேன். எ, ண், ணூ, ர் என்னும் நான்கையும் 24 விதமாக அடுக்கலாம். அளபெடையை ஒதுக்கிவிட்டால், தனித்து நிற்கும் உயிரெழுத்து தமிழ்ச் சொல்லின் முதலில் அன்றி வேறெங்கும் வாராது. ஆகவே எகரம் முதலிடத்தைப் பிடித்ததுமே 18 அடுக்குகள் வீழ்ந்துவிடுகின்றன. எஞ்சிய ஆறில், ரகர மெய்யை அடுத்து ணகரமும் ணகர மெய்யை அடுத்து ரகரமும் வாரா என்ற மயக்க விதியைப் பிரயோகித்தால் ஐந்து மடிகின்றன. நிற்பது எண்ணூர் ஒன்றே! அப்படி ஓர் ஊர் பூமியில் இருப்பதையே அறியாதவனும், அகராதியைத் தொடாமல், இலக்கணத்தின் கையைப் பிடித்துக்கொண்டே அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதை உணர்ந்தபோது எனக்கு உண்டான ஆனந்தத்தில், பேருந்து புறப்பட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை.

1954இல் மார்ட்டின் நேடல் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அளித்த ‘ஜம்பிள்’ என்னும் எழுத்துக் கலைப்புப் புதிரை அவிழ்ப்போருக்கு இத்தகைய துணை இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. நமக்கோ தொல்காப்பியரும் நன்னூல் இயற்றிய பவணந்தியும் கூடவே அமர்ந்து விடை சொல்கிறார்கள். மெய்யாகிய புள்ளியெழுத்து ஒவ்வொன்றும் தன் அண்டையெழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவதால், தமிழில் புதிர் இயற்றுவோர் அதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும்.

திருவொற்றியூரைப் பாருங்கள். ஏழு எழுத்து, 5,040 அடுக்குகள். ற், ர் என்ற மெய்கள் முதலில் வாரா. ரு, றி ஆகியவற்றுக்கும் அவ்வுரிமை இல்லை. ‘வொ’ சந்தியில் மட்டுமே பிறப்பது. யூகாரத்துக்கு நன்னூலார் இடங்கொடுத்தாலும், யகரத்தில் ‘யா’ ஒன்றையே தொல்காப்பியர் அனுமதித்தமையால், அவர் வழி நின்றால் ‘தி’ ஒன்றே மிஞ்சும். ற் தன் பின்னே றியை இழுத்துக்கொள்ள, எஞ்சுபவை 120தான்.

இவ்வூரில் எழுத்துக்கு ஏற்றம் இருப்பதும் வியப்பன்று. அரசன் வரி விதித்து எழுதிய ஓலையில், எழுதியவன் அறியாமலே ஒற்றியூருக்கு விலக்களிக்கும் வாசகம் வரிகளிடையே தோன்றியதாகவும், அதை நுழைத்தவர் சிவபெருமானே என்றும் ஓர் ஐதிகம். சேக்கிழாரும் அதைச் சுட்டுகிறார். எழுத்தறியும் பெருமான் என்று அவ்விறைவனுக்குப் பெயர். பாணினியின் வியாகரணத்தை ஒற்றியூர்க் கோயில் மண்டபத்தில் கற்பித்ததற்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் சாட்சி. எழுத்தைக் கலைப்பவனைக் காட்டிலும், எவருமறியாமல் எழுத்தைச் சேர்ப்பவனே பெரிய வித்தகன் என்று வடசென்னை எப்போதோ தீர்ப்பளித்துவிட்டது.

ராயபுரம்தான் விதிக்கு அடங்காத பிள்ளை. முன்னே இகரத்தைச் சேர்த்து இராயபுரம் என்று எழுதினால் முதலெழுத்து உடனே அகப்படும். ஊரார் சொல்லுகிறபடி எழுதினாலோ, ரகரம் மொழிக்கு முதலாகாது என்று நம்பியிருப்பவன் பொழுது சாயும் வரையில் திருதிருவென விழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கலீலியோவுக்கு வருவோம். 1610இல் அவர் 37 எழுத்துகளைக் கலைத்து அனுப்ப, சனிக்கிரகத்தைப் பற்றிய அச்செய்தியைச் செவ்வாய்க்கு இரண்டு சந்திரர்கள் என்று கெப்ளர் தவறாகப் பிரித்தார். 1877இல் செவ்வாய்க்கு இரண்டு சந்திரர்கள் மெய்யாகவே அகப்பட்டன! அந்த விசித்திரம் அடுத்த வாரம், இம்முறை நிச்சயமாக.

அதற்குள் வாசகர்களுக்கு ஒரு வேலை: டை, ர், த, ட், யா, டை, ண், பே. ஊர் வடசென்னைப் பக்கத்தது. முதலில் நிற்கத் தகுதியுள்ளவை எவை என்று விலக்கிக்கொண்டே வாருங்கள்.