கயிற்று முனையில் ஒரு ஸ்லீவ்: விற்பவரும் வேலை கொடுப்பவரும் அறிய வேண்டியவை

நமது சங்க உறுப்பினர்களில் மின்சாதனக் கடை வைத்திருப்பவர்கள் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை நன்கு அறிவார்கள். ஒயர் இணைப்பின் மேல் மாட்டிச் சூடு காட்டினால் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் குழாய் அது. தேவையான நீளத்திற்கு வெட்டிக் கொடுக்கிறோம். இதைக் கேட்டு இப்போது வேறு சில வாடிக்கையாளர்களும் வருகிறார்கள். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர்கள், வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள், மரம் ஏறிக் கிளை கழிப்பவர்கள். "கயிறு முனை பிரியுது, இதைப் போட்டா நிக்குமா?" என்பது அவர்கள் கேள்வி.

நாம் சொல்லும் பதிலை நம்பித்தான் அவர் நாளை கயிற்றில் இறங்கப் போகிறார். மளிகை வணிகர்கள் "இது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெயர்ப் பலகை மாட்டவும் மாடிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கவும் ஆள் இறங்குவது நம் கட்டடத்தில்தான்.

ஸ்லீவ் செய்யும் வேலை

இரண்டு வேலைகளை ஸ்லீவ் நன்றாகவே செய்யும். ஒன்று, வெட்டிய முனை பிரியாமல் காக்கும். மற்றொன்று, அடையாளச் சீட்டைக் காக்கும். ஆள் தொங்கும் கயிற்றுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 1891. அதன்படி வரும் கயிற்றின் இரு முனையிலும் வகையும் விட்டமும் குறித்த பட்டை இருக்கும். 200 மீட்டர் சுருளை நான்காக வெட்டினால் எட்டு முனைகள் வரும். ஆலையின் பட்டை இருப்பதோ இரண்டில்தான். மற்ற முனைகளுக்கு நாமே சீட்டு எழுத வேண்டும். கயிற்றின் வகை, நீளம், தயாரித்த ஆண்டு, உபயோகத்திற்கு எடுத்த தேதி ஆகியவற்றைச் சிறு தாளில் எழுதி முனையில் சுற்றி, மேலே நிறமற்ற ஸ்லீவ் போட்டால் சீட்டு நனையாது, கிழியாது. கயிற்றின் மீதே மையால் எழுதக் கூடாது. சில மைகள் நூலைக் கெடுக்கும்.

அளவும் முக்கியம். இரண்டுக்கு ஒன்று வகை ஸ்லீவ் பாதியளவு சுருங்கும். 11 மி.மீ. கயிற்றுக்கு 20 மி.மீ. ஸ்லீவ் கொடுத்தால் அது 10 வரை சுருங்க முயன்று இறுகப் பிடிக்கும். 25 மி.மீ. கொடுத்தால் 12.5க்கு மேல் சுருங்காமல் லொடலொடவென்று ஆடும்.

ஸ்லீவ் செய்யாத வேலை

ஸ்லீவ் கயிற்றுக்குப் பலம் சேர்க்காது. இதை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இத்தகைய கயிற்றில் வெளியே ஓர் உறையும் உள்ளே ஒரு கருவும் உண்டு. பளுவின் பெரும்பகுதியைத் தாங்குவது கருதான். உறை அறுந்த இடத்தில் ஸ்லீவ் போடுவது, விரிசல் விட்ட சுவரின் மேல் காலண்டர் மாட்டுவதைப் போன்றது. குறை மறையும், தீராது.

எடைக்கல்லில் முத்திரை வெளியே தெரிய வேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. அதைப் போல, கயிற்றில் தேய்மானம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வேலைக்குப் போகுமுன் முழுக் கயிற்றையும் கையால் தடவிப் பார்ப்பது இத்தொழிலின் முதல் பாடம். ஆகவே, கயிற்றின் நடுப்பகுதி, முடிச்சு, சேஃப்டி பெல்ட்டின் தையல் ஆகிய இடங்களைக் கறுப்பு ஸ்லீவால் மூடக் கூடாது. இரும்புக் கம்பிக் கயிற்றை மூடினால் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிப்பதும் தெரியாமல் போகும். கயிற்று முனையில் தைத்த வளையத்தின் தையலைச் சில தயாரிப்பாளர்கள் ஸ்லீவால் காக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது ஆலையிலேயே செய்து, சோதித்து அனுப்புவது.

சூட்டில் இருக்கும் ஆபத்து

ஸ்லீவ் சுருங்கச் சுமார் 90 முதல் 120 டிகிரி செல்சியஸ் போதும். நைலான் உருகுவது 220 டிகிரிக்கு மேல். பாலியஸ்டர் சுமார் 255. இடைவெளி நிறைய இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஹீட் கன்னிலிருந்து வரும் காற்று 300 டிகிரியைத் தாண்டும். லைட்டர் தீயோ அதைவிட மோசம். மேலும், உருகுவதற்கு வெகு முன்பே நூல் பலம் இழக்கத் தொடங்கிவிடும். பாலிபுரொப்பிலீன் கயிறு சுமார் 165 டிகிரியிலும், டைனீமா 150 டிகிரியை ஒட்டியும் உருகிவிடும். டைனீமாவுக்கு ஹீட் கன்னைக் காட்டவே வேண்டாம்.

மற்ற கயிறுகளுக்கு ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். ஸ்லீவ் பிடித்தவுடன் நிறுத்திவிட வேண்டும். சந்தேகமிருந்தால் பழைய துண்டுக் கயிற்றில் முதலில் செய்து பார்க்கலாம். உள்ளே பசை தடவிய ஸ்லீவ் வேண்டாம். பசை உருகிக் கயிற்றின் உறைக்குள் இறங்கிவிடும்.

கல்லாவில் இருந்து கேட்க வேண்டியவை

"எதற்கு, எந்த இடத்தில் போடப் போகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முனைக்கு என்றால் கொடுங்கள். அறுந்த இடத்தை மறைக்க என்றால், "அண்ணே, கயிற்றை மாத்துங்க" என்று சொல்லுங்கள். சில ரூபாய் வியாபாரம் போகலாம். அந்த மனிதர் அடுத்த மாதமும் நம் கடைக்கு வருவார்.

மூட்டை கட்ட எடை போட்டு விற்கும் பிளாஸ்டிக் கயிற்றை ஆள் தொங்குவதற்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். நூல் கயிற்றுக்கும் நாம் விற்கும் மசாலா பாக்கெட்டைப் போலவே காலக்கெடு உண்டு. உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்று முன்னணித் தயாரிப்பாளர்கள் சிலர் கூறுகிறார்கள். பழைய சரக்குக்குப் புது ஸ்லீவ் மாட்டி விற்பது, தேதி போன பாக்கெட்டுக்குப் புது லேபிள் ஒட்டுவதற்குச் சமம்.

வேலை கொடுப்பவராக இருந்தால், ஆள் இறங்குமுன் மூன்றைப் பாருங்கள்: கயிற்று முனையில் சீட்டு, சேஃப்டி பெல்ட்டில் ஐ.எஸ். 3521 தரக்குறி, தனியாகக் கட்டிய இரண்டாவது கயிறு. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேலையை ஒரு நாள் தள்ளி வையுங்கள். பெயர்ப் பலகை நாளைக்கு ஏறினாலும் வியாபாரம் கெட்டுவிடாது.