கன்னத்தில் விழுந்த செவ்வகங்கள்

எங்கள் உறவுப் பெண் ஒருத்தி, தங்கை கல்யாணத்துக்குள் கன்னத்தில் இருந்த மங்கு என்னும் கருந்திட்டைப் போக்கிவிட வேண்டும் என்று அழகு நிலையம் ஒன்றுக்குப் போனாள். ஆறு சிட்டிங், மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டினால் தள்ளுபடி. இரண்டாவது சிட்டிங் முடிந்த ராத்திரி முகம் எரிந்தது. ஒரு வாரத்தில் இரண்டு கன்னங்களிலும் வரிசையாகக் கறுப்புச் செவ்வகங்கள். ஐபிஎல் என்னும் தீவிர ஒளித்துடிப்புக் கருவியின் முனை அப்படியே அச்சுப் பதிந்திருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். "அங்க வேலை பாக்கற பொண்ணுதாண்ணா. டாக்டர்னு யாரையும் நான் பாக்கவே இல்ல" என்றாள்.

லேசரும் ஐபிஎல்லும் வேலை செய்யும் விதம் எளிது. மெலனின் என்ற நிறமி ஒளியை விழுங்கிச் சூடாகும். அந்தச் சூட்டில் சிதையும். வெள்ளைக்காரர் தோலில் வெயிலால் வந்த புள்ளி மட்டும்தான் கருமை. நம் தோலில் புள்ளியைச் சுற்றிலும் மெலனின்தான். எதைச் சுட வேண்டும், எதை விட வேண்டும் என்று ஒளிக்குத் தெரியாது. அங்கே புள்ளியைக் கரைக்கும் அளவு இங்கே தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும். ஆறிய பிறகு வரும் கருமை மறையப் பல மாதங்கள் ஆகும். வெள்ளைத் திட்டாக மாறினால் சிலருக்கு அது போவதே இல்லை.

கருவியே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால் மாநிறத்தோருக்கு அது ஓரளவு பாதுகாப்பானது. அதே கருவியை 532-க்கு மாற்றினால் கதை வேறு. ஆகவே "லேசர் இருக்கிறதா" என்று கேட்டுப் பயனில்லை. எந்த அலைநீளம், யார் கையில், காதோரம் சிறு இடத்தில் சோதித்துச் சில வாரம் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். கண்ணுக்குக் கவசம் தராத இடத்தில் உட்காரவே உட்காராதீர்கள். சமீபத்தில் வெயிலில் கறுத்திருந்தால் தள்ளிப்போடுங்கள். உருமாறும் மச்சத்தை, அது புற்றுநோய் அல்ல என்று உறுதியாகும் முன் லேசரால் அழிக்கக் கூடாது.

மங்கு தனி ரகம். வெயில், ஹார்மோன், சூடு மூன்றுமே அதைக் கிளப்பும். லேசருக்கு அடங்கியதுபோல் இருந்து திரும்பி வருவது அதன் வழக்கம். சன்ஸ்கிரீனும் தோல் மருத்துவர் எழுதித்தரும் களிம்பும்தான் முதல் படி. "நிரந்தரத் தீர்வு" என்று பலகை வைத்திருந்தால், என்னைக் கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

கருவி தோலைச் சுட்டுவிட்டால் குளிர்ந்த நீரால் ஒற்றுங்கள், ஐஸ் வேண்டாம். அன்றே தோல் மருத்துவரிடம் போங்கள். தினமும் தேதியோடு படம் எடுங்கள். ரசீது, ஒப்புதல் படிவம், வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரம் எதையும் அழிக்காதீர்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆபத்தையும் மாற்று வழியையும் விளக்கிய பிறகு தருவதுதான் ஒப்புதல் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு தரும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே முடிவானது. மருத்துவர் செய்திருந்தால் சிகிச்சைக் குறிப்புகளைக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. அவர்மீது மாநில மருத்துவ கவுன்சிலிலும் புகார் செய்யலாம். மருத்துவம் படிக்காதவர் சிகிச்சை தந்திருந்தால் அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய குற்றம்.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமும் இல்லை. எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.