பெயர் ஒன்று, ஆள் வேறு!

"பேரு என்னப்பா?"

"செல்வராஜுங்க."

"அப்பா பேரு?"

"கலியபெருமாளுங்க."

"உன் மேலே ஒரு கேஸ் இருக்குதே!"

தோழர்களே, செல்வராஜ் என்பது நாம் வைத்துக்கொண்ட பெயர். செந்துறைப் பக்கத்து இளைஞன் ஒருவனை மனத்திலே நிறுத்திக்கொள்வதற்காக வைத்தது. முந்திரிக் காடும் மானாவாரி நிலமும் வாழ்வளிக்கவில்லை. சுற்றிலும் சிமெண்டு ஆலைகளின் புகைபோக்கிகள் நிமிர்ந்து நிற்கின்றன; அங்கே கிடைப்பதோ ஒப்பந்தக் கூலி வேலை, அதுவும் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே, குவைத்துக்குப் போகலாம் என்று புறப்படுகிறான். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. ஏஜெண்டுக்கு முன்பணம் போகிறது. மருத்துவச் சோதனை முடிகிறது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு தாள்: இவன்மீது குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று கூறும் நன்னடத்தைச் சான்றிதழ்.

அந்தத் தாளுக்காகத் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்தில் மனுச் செய்கிறான். மனு விசாரணைக்காகப் போலீசுக்கு வருகிறது. அங்கே கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டுகிறார்கள். செல்வராஜ், தகப்பனார் கலியபெருமாள், அரியலூர் மாவட்டம் என்று திரையிலே வந்து நிற்கிறது, ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஓர் ஆண்டில் நடந்த அடிதடி வழக்கு! இவன் அடித்தானா? இல்லை. அடிபட்டானா? அதுவும் இல்லை. அந்த ஊரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பெயர் ஒத்துப்போய்விட்டது!

இனி, "அந்தச் செல்வராஜ் நானல்ல" என்று இவன் மெய்ப்பிக்க வேண்டுமாம். திருடியதை மெய்ப்பிப்பது போலீசின் வேலை என்று சட்டம் கூறுகிறது. நான் இன்னொருவன் அல்லன் என்று மெய்ப்பிப்பது மட்டும் ஏழையின் வேலையாகிவிட்டது. என்னே விந்தை!

நம் பக்கத்துப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். தெருவுக்கு இரண்டு கலியபெருமாள், மூன்று ராஜேந்திரன், ஒரு கலியமூர்த்தி, இரண்டு தனபால். குலதெய்வத்தின் பெயர், பாட்டனின் பெயர், பிறகு இயக்கம் வளர்ந்த காலத்திலே வந்த அன்பழகன், இளங்கோவன், தமிழ்ச்செல்வன். குடும்பப் பெயர் என்ற வழக்கம் நமக்குக் கிடையாது. சாதிப் பெயரை வாலாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தையும் பெரும்பாலோர் விட்டொழித்துவிட்டோம். நல்லது! எஞ்சியிருப்பது தகப்பனாரின் முதலெழுத்து ஒன்றுதான். 'க. செல்வராஜ்' என்றால் அந்தக் 'க' கலியபெருமாளா, கந்தசாமியா, கருப்பனா, கண்ணையனா? ஊராருக்குத் தெரியும். ஊரிலே நெட்டைச் செல்வராஜ் உண்டு, மேலத்தெருச் செல்வராஜ் உண்டு, டீக்கடைச் செல்வராஜ் உண்டு. மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர் ஒரு நாளும் ஆள் மாற்றிக் கொடுத்ததில்லை.

கம்ப்யூட்டருக்கு நெட்டையும் தெரியாது, மேலத்தெருவும் தெரியாது.

இங்கிலீஷ் எழுத்தின் கூத்து வேறு இருக்கிறது. 'அன்பழகன்' என்பதில் வரும் ழகரத்துக்கு ஒரு குமாஸ்தா இசட்டும் எச்சும் போடுவார். இன்னொருவர் எல் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். ஆகையால் தேடும்போது எழுத்துக்கு எழுத்து பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஏறத்தாழ ஒத்துப்போவதையும் சேர்த்துத் தேடுகிறார்கள். வலை பெரிதாகப் பெரிதாக, அதிலே சிக்கும் சிறு மீன்களும் பெருகத்தானே செய்யும்!

2008 நவம்பரில் பம்பாயிலே நடந்த பயங்கரத் தாக்குதலுக்குப் பிறகு, 2009இல் மத்திய சர்க்கார் நாட்டின் போலீஸ் நிலையங்களை எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் வலையில் இணைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சி.சி.டி.என்.எஸ். என்று அதனை அழைக்கிறார்கள். திட்டம் தவறு என்று நாம் கூறவில்லை. ஒரு நிலையத்தில் திருடிவிட்டு அடுத்த மாவட்டத்திலே யோக்கியனாக உலாவியவனைப் பிடிக்க அது உதவத்தான் செய்யும். ஆனால் முன்பெல்லாம் செந்துறைப் போலீஸ் நிலையத்தின் ஏட்டிலே மட்டும் தேடுவார்கள். அந்த ஏட்டையா இவன் வீட்டையும் அறிந்திருப்பார். இன்றைக்குத் தேடும் பரப்போ மாநிலமெங்கும் விரிகிறது. பரப்பு விரிந்த அளவுக்கு, ஆளைப் பிரித்தறியும் பொறுமை விரிந்ததா என்பதுதான் நம் கேள்வி.

இது செந்துறைக்கு மட்டும் வந்த வினை என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் எட்வர்டு கென்னடி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மறைந்த குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் தம்பி, பல்லாண்டு செனட்டர். 2004ஆம் ஆண்டு அவரையே விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தினார்கள். ஒரு முறையல்ல, ஐந்து முறை! காரணம்? விமானத்தில் ஏற்றக்கூடாதவர்களின் பட்டியலிலே 'டி. கென்னடி' என்று ஒரு பெயர் இருந்ததாம். அவர் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரிடமே பேசினார். அப்படியும் அந்தச் சிக்கல் தீர மூன்று வாரத்துக்குமேல் பிடித்ததென்று, அந்த ஆண்டு ஆகஸ்டில் செனட் குழுவிலே அவரே எடுத்துரைத்தார். கென்னடிக்கு அமைச்சரின் தொலைபேசி எண் தெரியும். நம் செல்வராஜுக்கு யார் எண் தெரியும்? ஏஜெண்டின் எண் தெரியும். அவரோ, "தம்பி, சான்றிதழ் வரவில்லை என்றால் உன் இடத்துக்கு வேறு ஆளை அனுப்பிவிடுவேன்" என்கிறார்.

லண்டன் மாநகரில் அடால்ப் பெக் என்றொருவர் இருந்தார். 1896இல், பெண்களை ஏமாற்றிய குற்றத்துக்காக அவருக்கு 7 ஆண்டு தண்டனை. 1877இல் அதே வகைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட 'ஜான் ஸ்மித்' என்பவன்தான் இவர் என்று அடித்துக் கூறினார்கள். ஸ்மித்தின் உடலடையாளம் சிறைப் பதிவேட்டிலே இருந்தது. அது பெக்குக்குப் பொருந்தவே இல்லை! 1898இல் உள்துறை அலுவலகத்துக்கு அது தெரிந்தும் போயிற்று. என்ன செய்தார்கள்? சிறையிலே அவருடைய எண்ணை மாற்றினார்கள், கதவைத் திறக்கவில்லை. 1904இல் வெளியே இருந்தவரை மறுபடி பிடித்து, மறுபடி குற்றவாளி என்றார்கள். தண்டனை அறிவிக்கப்படாமல் இருந்த இடைவெளியில் உண்மையான ஆசாமி அகப்பட்டான். மன்னிப்பு வந்தது, 5,000 பவுன் இழப்பீடும் வந்தது. 1907இல் அந்நாட்டிலே குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்பட்டதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். மெய் அலுவலகத்திலேயே உறங்கிக் கிடந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆளைப் பிரித்தறிய வழியா இல்லை? 1897இலேயே கல்கத்தாவில் கைரேகை நிலையம் அமைத்தார்கள். ரேகைகளை வகைப்படுத்தும் முறையை ஆக்கியதிலே அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற நம் நாட்டவர் இருவருக்குப் பெரும் பங்கு உண்டு; பெயர் கிடைத்ததோ வெள்ளைக்கார மேலதிகாரி ஹென்றிக்கு! இருக்கட்டும். 2022இல் வந்த அடையாளச் சட்டத்தின்படி கைதானவரின் கைரேகை, கருவிழி, புகைப்படம் எல்லாம் எடுக்கலாம். 75 ஆண்டு வைத்திருக்கலாம். பிடிப்பதற்குக் கைரேகை, விடுவிப்பதற்கு மட்டும் வெறும் பெயரா?

பிலிப்பைன்ஸ் நாட்டிலும் நம்மைப் போலவே பெருங்கூட்டம் வெளிநாட்டு வேலைக்குப் போகிறது. அங்கே பெயர் ஒத்துப்போனால் அதற்கு 'ஹிட்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். இன்ன தேதியில் வா என்று சொல்லி அனுப்புகிறார்கள். அதற்குள் அலுவலகத்தார் ஆவணத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். ஐயம் தீராவிட்டால் நேரிலே விசாரிக்கிறார்கள். அங்கேயும் தொழிலாளிக்குச் சில நாட்கள் வீணாகத்தான் செய்கின்றன. ஆனாலும் 'ஹிட்' என்றால் குற்றவாளி என்று பொருளல்ல, பெயர் முட்டியிருக்கிறது என்றுதான் பொருள் என எல்லாருக்கும் தெரியும்.

இங்கே என்ன நடக்கிறது? விசாரிக்க வரும் போலீஸ்காரரும் சம்பளத்துக்கு உழைக்கும் மனிதர்தான். 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி, நாளைக்கு அந்த ஆள் இவனேதான் என்று ஆனால், அவர் தலை உருளும். எழுதாமல் கட்டிவைத்தாலோ கேட்பாரில்லை. ஆகையால் கட்டிவைக்கிறார். அவர்மீது பாய்ந்து பயனில்லை. கேட்பார் உண்டு என்ற நிலைமையை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

எப்படி? முதலிலே, "கேஸ் இருக்குது" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். எந்த நிலையம், குற்ற எண் என்ன, எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். இந்த நான்கும் கிடைத்தால் பாதிச் சிக்கல் அவிழ்ந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, சில நுட்பமான வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் போலீசின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதற்குப் பிந்திய வழக்கானால் அதை எடுத்துப் பார்க்கலாம். பழைய வழக்கானால் நீதிமன்றத்திலே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம். குற்றம் சாட்டப்பட்டவரின் வயது, தெரு, தொழில், பாட்டனார் பெயர்கூடச் சில சமயம் இருக்கும். அதன் பக்கத்தில் உங்கள் பள்ளிச் சான்றிதழையும், குடும்ப அட்டையையும், பாஸ்போர்ட்டையும் வைத்து, வேற்றுமையை ஒவ்வொன்றாக எழுதி, மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளருக்கு மனுக் கொடுங்கள். அதிலேயே ஒரு வரி: 'என் கைரேகையை அவ்வழக்கில் உள்ள கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சம்மதிக்கிறேன்.' அந்த வரிக்கு வலிமை அதிகம். பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினால் இதே தாள்களை அங்கேயும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கும் மேலே உயர்நீதிமன்றம் இருக்கிறது. வெளிநாடு செல்வது தனிமனித உரிமையைச் சேர்ந்தது என்று 1967இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். மறியலிலே கைதாகிக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது போலீசார் பட்டியல் எழுதுவார்கள். கோஷ வேகத்திலே பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். விளையாட்டாக மற்றவன் பெயரைச் சொல்லுகிற குறும்பர்களும் உண்டு. அந்தப் பட்டியல்தான் பிறகு வழக்காகிறது. 'செல்வராஜ், செந்துறை' என்று எழுதப்பட்ட ஒரு வரி, பத்தாண்டு கழித்து எந்தச் செல்வராஜின் விசாவை விழுங்கும் என்று யாருக்குத் தெரியும்? தந்தை பெயர், வயது, தெரு மூன்றையும் சொல்லுங்கள். எழுதியதை ஒரு முறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

செந்துறையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் உள்ள கிளைத் தோழர்கள் மாலை வேளையில் மன்றத்திலே கூடுகிறார்கள். கையிலே செல்போன் இல்லாத இளைஞர் அங்கே இல்லை. இப்படித் திகைத்து வருகிறவனை உட்காரவைத்து, குற்ற எண்ணைக் கேட்டு, அறிக்கையை எடுத்துக் கொடுங்கள். மறுநாள் காலை அவனோடு ஒருவர் நிலையத்துக்குப் போய் வாருங்கள். அதிகாரியிடம் முதலிலே கேட்க வேண்டியது, "அய்யா, இந்த வழக்கிலே உள்ள செல்வராஜுக்கு வயது என்ன?" என்பதுதான்.