மூச்சுக்குக் கிடைத்த தண்டனை

1972 செப்டம்பர் 1. மியூனிக் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் ரிக் டிமான்ட்டும் ஆஸ்திரேலியாவின் பிராட் கூப்பரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டார்கள். டிமான்ட்டுக்கு 4 நிமிடம் 0.26 விநாடி, கூப்பருக்கு அதைவிட 0.01 விநாடி கூடுதல். பதினாறு வயதுப் பையன் தங்கம் வென்றான்.

சில நாட்களில் அது பறிபோனது. சிறுநீரில் தடைசெய்யப்பட்ட எபெட்ரின் இருந்ததாம். டிமான்ட்டுக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. போட்டிக்கு முந்தைய இரவு இழுப்பு வர, வழக்கமான 'மராக்ஸ்' மாத்திரையைப் போட்டுக்கொண்டார். எபெட்ரின் அதில்தான் இருந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. மருந்தின் பெயரை அணியின் மருத்துவப் படிவத்தில் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் கவனித்து மாற்று மருந்து தந்திருக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை. உலக சாதனை அவர் கையில் இருந்த 1,500 மீட்டரின் இறுதிப் போட்டியிலும் அவரை இறங்க விடவில்லை.

அடுத்த ஆண்டே பெல்கிரேடில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், 400 மீட்டரை நான்கு நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதரானார் டிமான்ட். அவர் முறைப்படி தெரிவித்திருந்தார் என்பதை அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொள்ள 2001 ஆனது. பதக்கம் மட்டும் திரும்பவில்லை. நோயை ஒளிக்காமல் சொன்ன ஒரு சிறுவனை விளையாட்டு உலகம் இப்படி நடத்தியது பெரிய அநியாயம்.

டிமான்ட்டைப் போன்ற ஆஸ்துமாக்காரர்கள் நீச்சலில் நிறையப் பேர் இருப்பது தற்செயல் அல்ல. கடுமையாக உழைக்கும்போது வாய்வழியே காற்றை அள்ளி இழுக்கிறோம். மூச்சுக்குழாயின் உட்சுவர் ஈரத்தை இழந்து உலர்கிறது. சுற்றியுள்ள தசைகள் இறுகிப் பாதை குறுகுகிறது. குளத்தின் வெதுவெதுப்பான ஈரக்காற்றில் இந்தத் தொல்லை குறைவு. அதனால்தான் இழுப்பு உள்ள குழந்தைகளை மருத்துவர்களே நீச்சலுக்கு அனுப்புகிறார்கள். அப்படி ஆறு வயதில் தண்ணீரில் இறங்கிய ஏமி வான் டைக்கன், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றார்.

ஆனால் அதே குளம் மூச்சுக்குழாயைப் புண்படுத்தவும் செய்யும். நீந்துபவர்களின் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போது டிரைகுளோரமின் என்ற வாயு உருவாகிறது. மூடிய குளங்களில் மூக்கைத் துளைக்கும் நெடி பெரும்பாலும் இதனுடையதுதான். காற்றைவிடக் கனமானது என்பதால் தண்ணீரை ஒட்டியே தங்கும். வீரர் தலையைத் திருப்பி மூச்சை இழுப்பதும் அதே இடத்தில்தான். ஆண்டுக்கணக்கில், நாள்தோறும் மணிக்கணக்கில் இந்தக் காற்று உள்ளே போகிறது. பின்லாந்தில் முன்னணி நீச்சல் வீரர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மருத்துவர்கள், தீவிரப் பயிற்சியை விட்டவர்களிடம் மூச்சுக்குழாய் அழற்சி தணிந்ததைக் கண்டார்கள். விடாதவர்களிடம் அப்படித் தணியவில்லை.

நீந்தி முடித்துத் திணறும் பிள்ளையைப் பார்த்து, "ஸ்டாமினா போதாது, இன்னும் நாலு ரவுண்டு போ" என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். உடற்பயிற்சியால் வரும் இழுப்பு, பெரும்பாலும் பயிற்சியை நிறுத்திய ஐந்து, பத்து நிமிடங்களில்தான் உச்சத்துக்குப் போகும். மூச்சை விடும்போது விசில் சத்தம் கேட்கும். வேகத்தின் உச்சியில், மூச்சை உள்ளிழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்து, நின்றதும் சில நிமிடங்களில் சரியாகிவிட்டால் சந்தேகம் குரல்வளை மீது விழ வேண்டும். அங்கே வழி அடைபடுவதற்கு இன்ஹேலர் உதவாது. மூச்சுப் பயிற்சி உதவும். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். ஆகவே ஊகம் போதாது, ஊதிப் பார்க்கும் பரிசோதனை தேவை. கடும் உழைப்புக்குப் பின், முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று பொருள்.

டிமான்ட்டின் காலம் போல இன்று பயப்பட வேண்டியதில்லை. சால்பியூட்டமால் இன்ஹேலரை 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை பயன்படுத்த ஊக்கமருந்து விதிகள் இடம் தருகின்றன. அதை எந்தெந்த இடைவெளியில் எடுக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. குளத்தை நடத்துபவர்களின் வேலைதான் பாக்கி: இறங்கும் முன் எல்லோரையும் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்வது, தண்ணீர் மட்டத்திலுள்ள காற்றையும் வெளியே இழுக்கும்படி மின்விசிறிகளை அமைப்பது.