பொதுவளமும் மலையகப் பெருந்தோட்டமும்: பொருளியல் நோக்குகள் சில

பொதுவளம் பற்றிய பொருளியல் விவாதத்தைக் கரெட் ஹார்டின் என்னும் உயிரியலாளர் 1968இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. யாவர்க்கும் திறந்த மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் தன் மந்தையையே பெருக்குவான், ஈற்றில் நிலம் அழியும் என்பது அவர் வாதம். பரிகாரமாக அவர் கண்டவை தனியுடைமையும் அரசின் கட்டுப்பாடுமாகும். நுவரெலியா, ஹற்றன் பகுதிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்விரண்டும் அங்கு மாறிமாறிக் கையாளப்பட்டமை புலனாகும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காடு, தரிசு ஆகியவற்றை முடிக்குரியனவாகக் கொண்டது. கண்டிப் பிரதேசத்துக் கிராமத்தவர் சுழற்சி முறையிற் பயிரிட்டுவந்த சேனை நிலமும் இதனுள் அடங்கிற்று. முடி அதனைத் தோட்டக்காரருக்கு விற்றது. வாங்கியோருட் பதவியிலிருந்த அதிகாரிகளும் இருந்தனர். மேய்ப்போரின் பேராசைக்கு இங்கு இடமே இருக்கவில்லை. கோப்பி வந்தது, பின்னர் தேயிலை வந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இத்தனை மாற்றத்தினூடும் தொழிலாளர் லயத்திலேயே இருந்தனர்.

எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூல் ஹார்டினை மறுத்தது. பயனாளர் தாமே விதிகளை வகுத்துப் பொதுவளத்தைப் பேணவல்லர் என அவர் காட்டினார்; 2009இல் நோபல் பரிசும் பெற்றார். மாவெல்லைக் கரைவலையும் கல்லோயா நீர்ப்பாசனமும் அவருடைய ஆய்வில் இடம்பெற்றமை நமக்கு மகிழ்ச்சி தருவதே. ஆயினும் அவர் வகுத்த முதல் நிபந்தனை, பயனாளர் யாவர் என்னும் எல்லை தெளிவாயிருத்தல் வேண்டும் என்பதாகும். மலையகத்தில் அவ்வெல்லையை வரைந்தது அரசே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணியாற்றுவதைத் தடைப்படுத்தியது. பீலித் தண்ணீரை லயத்தவர் எத்துணை நேர்மையாகப் பகிர்ந்துகொள்ளினும், ஊற்றுள்ள நிலம் அவர்களுடையதன்று.

பொதுவளம் உடைமையானது எங்ஙனம் என்ற வினாவை, 1842இல் விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி எழுதிய மார்க்ஸிடமே காண்கிறோம். (பொருளியற் பிரச்சினைகளுக்கு முகங்கொடுக்கத் தம்மைத் தூண்டியவற்றுள் இவ்விவாதமும் ஒன்றென அவரே 1859இற் குறிப்பிட்டுள்ளார்.) விழுந்த சுள்ளியைப் பொறுக்குதல் ஏழைகளின் வழமையுரிமை என அவர் வாதிட்டார். மலையகத்தில் இவ்வாதத்தையும் அப்படியே பொருத்துதல் இயலாது. வழமையுரிமையை இழந்தவர் சிங்களக் கிராமத்தவர். அவ்விழப்பின்மீது கொண்டுவந்து குடியேற்றப்பட்டோர் தமிழகத்து உழைப்பாளர். ஒரே சட்டத்தின் விளைவுகளான இவ்விரு சாராரையும் பகைவராக நிறுத்தியமை பிற்கால இனவாத அரசியலின் சாதனை.

கவ்வாத்தின் பின் மிலாறு பொறுக்கிக் கட்டிச் சுமந்து செல்லும் பெண்ணுக்கு அவ்விறகு நிர்வாகத்தின் இசைவாற் கிட்டுவது. ரைன் மாகாணத்து ஏழைக்குப் பழைய வழமையேனும் சான்றாயிருந்தது.